அருவிச் சத்தத்துக்கு மேலே

எழுந்தேன். போர்வையை மடித்தேன். பல் துலக்கினேன். விடுதிக் குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தது. வாளி நிரம்பும்வரை நின்றேன். குளித்தேன். நேற்றுப் போட்ட சட்டையையே திரும்பவும் போட்டுக்கொண்டேன். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடிகளைத் துடைத்தேன்.

எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. பார்வையைச் சோதிப்பதும் நான்தான், கண்ணாடியை வெட்டிப் பிரேமில் பொருத்துவதும் நான்தான். வீட்டு ஆட்களின் கண்ணாடியில் விரல் ரேகை இருந்தால் எனக்குப் பொறுக்காது. முதலில் என்னுடையது. அடுத்து மாமனார் வண்டி ஓட்டும்போது போடுவது. அதற்கடுத்து அவர் பேப்பர் படிக்கப் போடுவது. மச்சினிக்குக் கண்ணாடி தேவையில்லை. பெரியவளுக்கும் தேவைப்பட்டதில்லை. கடைக்கு வந்தால் சுவரில் மாட்டியிருக்கும் அட்டையின் கடைசி வரியைத் தெருவில் நின்றபடியே படித்துக் காட்டுவாள். "இவ்வளவுதான் உங்க பரீட்சையா?" என்பாள்.

பெரியவள் என் மனைவி. மாமனாரின் வாயில் இரண்டு பெண்களும் எப்போதும் பெரியவள், சின்னவள்தான். பெரியவள் இறந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது.

இதுவரை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் காட்டில் ஒரே சாலையில் மூன்று அருவிகள் இருக்கின்றன. கல்யாணமான நாளிலிருந்து பெரியவள் இங்கே வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடையில் ஆள் இல்லை, அப்புறம் பார்க்கலாம் என்று ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டோம். போன மாதம் மாமனார் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, "அவ ஆசப்பட்டத நாமளாவது பாத்துட்டு வரலாம்" என்றார். அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சொன்னால் வண்டியை எடுத்துவிடுவார். நேற்று இருட்டியபோது காட்டின் வாசலுக்கு வெளியே இருக்கும் இந்த விடுதிக்கு வந்து சேர்ந்தோம்.

கீழே இறங்கினேன். காரின் முன்மூடி திறந்திருந்தது. அதற்குள் சின்னவளின் தலை. மாமனார் ஒவ்வொரு டயராக உதைத்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார்.

"பெல்ட்டு கத்துதுப்பா. நேத்தே சொன்னேன்."

"கத்தல. பேசுது. காலங்காத்தால எல்லா வண்டியும் அப்படித்தான் பேசும்."

"பேசுதா? அழுவுது. காதுல பஞ்சு வச்சிருக்கீங்களா?"

"கப்பலுக்குப் படிச்சவ காருக்கு வைத்தியம் பாக்கறா. மாப்ள, நீங்களே சொல்லுங்க."

"நான் கண்ணுக்குத்தான் மாமா பாப்பேன்."

"பாத்தியா, மாப்ள என் பக்கம்" என்று சொல்லிவிட்டு அவர் டீக்கடையைத் தேடிப் போனார். நான் யார் பக்கமும் பேசவில்லை. அது அவருக்கும் தெரியும்.

சின்னவள் குழாயடியில் கை கழுவினாள். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு போகவில்லை. அவள் படித்தது மரைன் இன்ஜினியரிங். கப்பலின் எஞ்சின் அறையில் வேலை. முதல் கப்பலில் பயிற்சிக்குப் போயிருந்தபோதுதான் அக்காவின் செய்தி போனது. கரைக்கு வந்து விமானம் பிடித்து வீடு சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதன் பிறகு திரும்பிப் போகவில்லை. இப்போது என் கடையில் பில் போடுகிறாள்.

"அத்தான், கம்பெனில இருந்து மெயில் வந்திருக்கு. என்னை எடுத்துக்கறாங்களாம். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்."

"நல்லதுதானே."

"பதில் போடப் போறதில்ல."

"ஏன்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. அக்கா அப்படிச் சொல்லிட்டுப் போயிருக்கா. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பொட்டியக் கட்றது?"

"மாமாகிட்ட சொன்னியா?"

"சொல்லி அவர் ராத்திரி தூக்கத்தக் கெடுக்கணுமா? விடுங்க. நாளைக்கு அந்த வேலையே இருக்காது. அப்புறம் நெனப்பும் இருக்காது."

கையை உதறிவிட்டுப் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா சொன்னது இதுதான்: "அப்பா, சின்னவளை எங்கேயும் அனுப்பிடாதீங்க." மாமனார் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிவருகிறார். ஆஸ்பத்திரிப் படுக்கையில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியாக.

அப்படி ஒரு படுக்கை இல்லை. தலைவலி என்றாள். நான்தான் காரில் அழைத்துப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோது அவள் பேசும் நிலையில் இல்லை. தலைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. மாமனார் வெளியூரில் இருந்தார். மறுநாள் காலையில்தான் வந்தார். நடைபாதை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "கடைசியா என்ன சொன்னா மாப்ள?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மறுபடி கேட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்று மதியம் துக்கம் கேட்க வந்த ஒருவரிடம் அவர் அந்த வாக்கியத்தைச் சொல்வது பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கேட்டது. நான் எழுந்து போகவில்லை. மறுக்கவும் இல்லை.

அவள் உண்மையில் சொன்னதில் யாருக்கும் எதுவும் இல்லை. அறிவுரையா, ஆசையா என்று பார்த்தால் இரண்டும் இல்லை. அவளுடைய துணிமணிகள் தங்கைக்குப் போய்விட்டன. போட்டோக்கள் எல்லோர் போனிலும் இருக்கின்றன. அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான் என்னிடம் மட்டும் இருந்தது. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் ஒருமுறை நினைத்துக்கொள்வேன். வெளியே எடுத்தால் தேய்ந்துவிடும் என்று தோன்றும்.

காட்டு வாசலில் வனக் காவலர் வண்டியை நிறுத்தினார். பூட்ஸ் போட்ட பெண். பைகளைப் பார்த்தார். "பொழுது சாயறதுக்குள்ள வெளிய வந்துடணும். உள்ள போனா போன் எடுக்காது. யாராவது பேசணும்னா இங்கேயே பேசிட்டுப் போங்க."

நான் வண்டியின் பின்பார்வைக் கண்ணாடியில் சின்னவளைப் பார்த்தேன். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

முதல் அருவி சாலையோரத்திலேயே இருந்தது. பாசி படிந்த பாறையில் மெல்லிய வெள்ளைக் கோடாக இறங்கியது. மாமனார் வண்டியை ஓரம் கட்டினார்.

"வண்டி பத்து நிமிஷம் நிக்கும். டீ, காபி சாப்பிடறவங்க சாப்பிடலாம்."

"இங்க டீக்கடையே இல்லப்பா."

"வாய் பழகிடுச்சும்மா." கீழே இறங்கி அருவியை மேலிருந்து கீழே வரை பார்த்தார். "இதுக்கா இவ்வளவு தூரம்? எங்க டெப்போ தண்ணித் தொட்டி நெறஞ்சா இதைவிட வேகமா வழியும்."

"இனிமேதான் பெருசு வரும்."

"அவ இதப் பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பா?"

நான் கம்பி வேலியில் கை வைத்து நின்றேன். நிற்கும்போது இடது பக்கம் ஒரு ஆளுக்கு இடம் விடுவது என் பழக்கம். விட்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற வேனிலிருந்து இறங்கிய ஒருவர் அந்த இடத்தில் வந்து நின்று செல்பி எடுத்தார். நகரச் சொல்ல முடியாது. நான்தான் நகர்ந்தேன்.

இரண்டாவது அருவிக்கு ஒரு மரப் பாலத்தைத் தாண்டிப் போகவேண்டும். பாலத்தின் முடிவில் பார்வையாளர் மேடை. எதிரே முழு மலையும் உடைந்து கொட்டுவதுபோல் தண்ணீர். இடையில் பள்ளத்தாக்கு. துளிகள் மேடைவரை வந்தன. என் கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்தேன். மறுபடி மங்கியது.

சின்னவள் வேலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"அத்தான், கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க."

மூடினேன்.

"எஞ்சின் ரூம் இப்படித்தான் இருக்கும். கப்பல் முழு வேகத்துல போறப்போ. படியில இறங்கினா மொதல்ல காதுக்குக் கேக்காது. நெஞ்செலும்புலதான் கேக்கும். அப்புறந்தான் காது."

"பயமா இருக்காதா?"

"மொத நாள் வாந்தி எடுத்தேன். ரெண்டாவது வாரம் அந்தச் சத்தம் இல்லாமத் தூக்கம் வரல. இப்பவும் வர்றதில்ல. உங்க கடையில ஃபேன் ஓடுதே, அதப் பக்கத்துல இழுத்து வச்சுக்கறேனே, காத்துக்குன்னு நெனச்சீங்களா?"

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தேன். அவள் திறக்கவில்லை. பக்கத்தில் இல்லாத ஒன்றின்மேல் முகத்தைச் சாய்த்து வைத்திருப்பவள் போல இருந்தாள். அந்த முகம் எனக்குத் தெரியும். காலையில் கண்ணாடி முன்னால் சவரம் செய்யும்போது பார்க்கிறேன்.

எங்களுக்குப் பின்னால் மாமனார் ஒரு தம்பதியுடன் பேச்சைத் தொடங்கியிருந்தார். ஆள் கிடைத்தால் போதும் அவருக்கு. கணவர் பல் டாக்டர். பைனாகுலரை மாமனாரிடம் கொடுத்துப் பறவை ஒன்றைக் காட்டினார். டாக்டரின் மனைவி எங்களைப் பார்த்துவிட்டு, "பொண்ணும் மாப்பிள்ளையுமா? ஜோடி நல்லா இருக்கு" என்றார்.

மாமனார் திருத்துவார் என்று நினைத்தேன்.

"மாப்பிள்ளதான். என் பெரிய பொண்ணோட வீட்டுக்காரர். அவ போயிட்டாம்மா." குரலைத் தாழ்த்தினார். தண்ணீர்ச் சத்தத்தில் மறுபடி உயர்த்த வேண்டியிருந்தது. "கடைசி நேரத்துல என் கையப் பிடிச்சுக்கிட்டா. 'அப்பா, சின்னவள எங்கேயும் அனுப்பிடாதீங்க'ன்னா." நிறுத்தினார். வழக்கமாக அங்கேதான் முடியும். இன்று முடியவில்லை. "'அவர் கையிலேயே அவள ஒப்படைச்சுடுங்க. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்கட்டும்'னா."

டாக்டரின் மனைவி துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தார். "எவ்வளவு பெரிய மனசு அந்தப் பொண்ணுக்கு. அத நிறைவேத்திடுங்க சார்."

சின்னவள் கண்ணைத் திறந்திருந்தாள். முதலில் அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னை. அதன் பிறகு யாரையும் பார்க்கவில்லை. பாலத்தின் மேல் வேகமாக நடந்து போனாள். பலகைகள் அதிர்ந்தன.

வண்டி கிளம்பியது. மாமனார் இரண்டு வளைவு பொறுத்தார்.

"என்ன, ஆளாளுக்கு வாய்க்குப் பூட்டு போட்டுக்கிட்டீங்களா?"

பின்பார்வைக் கண்ணாடியில் சின்னவளைத் தேடினார்.

"அந்தப் பறவை மூக்கப் பாத்தியா சின்னவளே? வாழைப்பூ மாதிரி."

"ரோட்டப் பாத்து ஓட்டுங்கப்பா."

அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மனைவியைச் சீக்கிரமே இழந்துவிட்டு, டூட்டிக்கும் போய்க்கொண்டு, இரண்டு பெண்களுக்கும் தலை பின்னி வளர்த்தவர். ஒரு பெண் போய்விட்டாள். மற்றவளும் போய்விட்டால், நானும் எப்போதாவது வேறொரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகிவிட்டால், அவருக்கு மிஞ்சுவது ஒரு வண்டிதான். பயம் வந்தபோதெல்லாம் பெரியவளின் வாயில் ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டார். நான் பேசாமல் இருந்ததால் அங்கே நிறைய இடம் இருந்தது.

மூன்றாவது அருவிக்குக் காட்டுக்குள் இறங்கிப் போகவேண்டும். வழியெங்கும் ஈர இலைகள். வேர்களையே படிகளாக்கி, பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டியிருந்தார்கள். அட்டைகள் உண்டு என்று பலகை சொன்னது.

"நீங்க வண்டியிலேயே இருங்க மாமா. முழங்கால் தாங்காது."

"டிரைவர் கடைசியாத்தான் எறங்கணும். ஆனா எறங்கணும்."

சின்னவள் காத்திருக்கவில்லை. கயிற்றைத் தொடாமலேயே இறங்கிப் போனாள். நான் பின்னால் போனேன். பூச்சிகளின் இரைச்சல் ஒரு வளைவில் சட்டென்று அடங்கியது. அடங்கவில்லை, அதைவிடப் பெரிய சத்தம் அதை மூடிவிட்டது. மரங்கள் விலகின. அருவி எங்கள் தலைக்கு மேலிருந்து கறுத்த குளத்துக்குள் விழுந்தது. அதன் காற்றிலேயே பெரணிச் செடிகள் படுத்துப் படுத்து எழுந்தன. இதைத்தான் பெரியவள் பார்க்க விரும்பினாள். நான் பார்த்தேன். எதுவும் ஆகவில்லை. நன்றாக இருந்தது. பக்கத்தில் திரும்பி நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சின்னவள் ஒரு பாறையில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். உதடு அசைந்தது தெரிந்தது. கிட்டே போனேன்.

"அக்கா நெஜமாவே அப்படிச் சொன்னாளா?"

"எத?"

"எதன்னா? எல்லாத்தையும். என்னை அனுப்பாதீங்கன்னது. இன்னிக்குப் புதுசா ஒண்ணு மொளச்சிருக்கே, அது. நீங்கதானே அவகூட இருந்தீங்க. ஒரு வருஷமா நான் உங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கல. கேட்டா நீங்க ஒடஞ்சுடுவீங்கன்னு கேக்கல. இப்பக் கேக்கறேன்."

அவளுக்குப் பின்னால் மாமனார் வந்து நின்றிருந்தார். பேன்ட்டை முழங்கால்வரை மடித்திருந்தார். கணுக்காலில் ஒரு அட்டை. அதிலிருந்து ரத்தம் கோடாக இறங்கியது. அவர் கவனிக்கவில்லை. என் பார்வை போன இடத்தைச் சின்னவள் திரும்பிப் பார்த்தாள்.

"வந்துட்டீங்களா. நீங்களே சொல்லுங்கப்பா. அக்கா என்ன சொன்னா?"

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சத்தத்தில் பொய்யைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும். அவருக்குத் தெம்பில்லை.

"எனக்குத் தெரியாதும்மா."

"என்ன?"

"தெரியாதுங்கறேன். நான் போறப்போ எல்லாம் முடிஞ்சுபோச்சு. இவர்கிட்ட கேட்டேன். சொல்லல. வர்றவங்க எல்லாம் என்ன சொன்னா, என்ன சொன்னான்னு கேக்கறாங்க. பெத்தவன் தெரியாதுன்னு சொல்ல முடியுமா? பொண்ணு ஒண்ணுமே சொல்லாமப் போயிட்டான்னு சொல்ல முடியுமா?"

"அதுக்கு என் தலையிலயாப்பா கை வைக்கணும்?"

"நீயும் கப்பலேறிட்டா நான் யார்கூட பெல்ட்டுக்கும் பிரேக்குக்கும் சண்ட போடுவேன்?"

அவர் முகம் முழுக்கத் தண்ணீர். அருவியின் சாரல்தான், வேறு எதுவாகவும் இருக்கலாம். நான் துடைத்துக் கொடுத்த கண்ணாடிக்குள் அவர் கண்கள் தெரியவில்லை.

"மெயில் வந்திருக்குப்பா" என்றாள். "கப்பல்ல வேல. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். சொல்லாம விட்டுடலாம்னு இருந்தேன்."

அவர் தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்று தெரியவில்லை. வாசலுக்குத் திரும்பிப் போனால்தான் போன் எடுக்கும். வெளிச்சம் மரங்களின் உச்சிக்கு ஏறிவிட்டிருந்தது.

பிறகு அவர் என் பக்கம் வந்தார். வழுக்கும் பாறையில் என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒரு வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"சொல்லுங்க மாப்ள. ஒண்ணுமில்லாததா இருந்தாலும் பரவால்ல. நான் மாத்திச் சொல்ல மாட்டேன்."

சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"கேக்கல" என்றார் அவர்.

"கேக்கல அத்தான்" என்றாள் சின்னவள். அவளும் வந்துவிட்டாள். என் இடது பக்கம்.

அது கத்திச் சொல்லும் வாக்கியம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பெரியவள் அதை நெற்றியைக் கார்க் கண்ணாடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். கண் பாதி மூடியிருந்தது. நான் வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை.

மூச்சை இழுத்தேன். அருவிக்கு மேலே என் குரலை ஏற்றினேன்.

"மெதுவாவே போங்க. மழை நல்லா இருக்கு."